பொருந்தாத டிரெய்லர்

"எந்த டிரெய்லரைக் காட்டினாலும் சரி, அப்பாவோட படகுக்குப் பொருந்தாதுன்னு சொல்லிடுங்க சார். கெஞ்சிக் கேக்கிறேன்."

போனில் ஒரு பெண் குரல். படகை ஏற்றிக் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர்களைக் கட்டி விற்கும் பட்டறைக்காரருக்கு எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பட்டறையைத் திறந்து வைத்ததே, டிரெய்லர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த அந்தப் பெரியவருக்காகத்தான்.

"விக்கிறதுக்குத்தானேம்மா செஞ்சு வச்சிருக்கேன்?"

"எழுபத்திரண்டு வயசு சார் அவருக்கு. முட்டி தேஞ்சு போச்சு. யாரோ ஓட்டின பழைய பாய்மரப் படகை வாங்கி வீட்டுக்குப் பின்னால போட்டிருக்கார். டிரெய்லர் கிடைச்சா அன்னைக்கே ஏரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவார். எனக்கு இருக்கிறது ஒரே அப்பா."

எல்லோருக்கும் அப்படித்தானம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "சரி, பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அரை மணி நேரத்தில் கார் வந்தது. மகள் ஓட்டி வந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்து பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு கையில் அளவு டேப், சட்டைப் பையில் நாலாக மடித்த துண்டுச் சீட்டு.

"பதினாலு அடிப் படகு, தம்பி. எடை இருநூறு கிலோ. அடிப்பக்கம் கொஞ்சம் உருண்டை."

பட்டறைக்காரர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற நீல டிரெய்லர் அந்தப் படகுக்கே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அவர் கையால் செய்ததிலேயே அழகானதும் அதுதான். பெற்ற பிள்ளையை நொண்டி என்று சொல்ல வேண்டிய நிலைமை.

"படகு ஏறி உக்கார்ற ரோலர் ஒத்து வராதுங்க ஐயா."

"நகர்த்தி முடுக்கினா சரியாயிடாதா?"

அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மகள் கண்ணை உருட்டினாள்.

"நகராதுங்க. துரு."

ரோலர் முந்தாநாள்தான் மாட்டியது. பெரியவர் குனிந்து அதை ஒரு விரலால் தட்டினார். அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"ஆமா, துருதான்" என்றார் பெரியவர்.

பட்டறைக்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது. "அதுவும் போக, நீலப் பெயிண்ட். நீலம் தண்ணியில சீக்கிரம் ஊறிடும்."

சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது. பெரியவரோ தாடையைத் தடவினார். "நானும் பார்த்த உடனே நினைச்சேன். முப்பது வருஷம் கப்பல் பட்டறையில ஃபோர்மேன், எனக்குத் தெரியாதா? நீலம் ஆபத்து."

இவரை நம்பி எத்தனை கப்பலைக் கடலில் விட்டார்களோ என்று பட்டறைக்காரர் கவலைப்பட்டார். மகள் முகத்தில் நிம்மதி. "நான் போய் வண்டியைத் திருப்பறேன்ப்பா, மெதுவா வாங்க" என்று நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் பெரியவர் நெருங்கி வந்தார்.

"நீலப் பெயிண்ட் காரணம் புதுசு, தம்பி. போன வாரத்து ஆளுக்கு இவ்வளவு கற்பனை போதாது. டயர் வட்டமா இல்லைன்னுட்டார்."

"ஐயா..."

"அவ முன்னாடியே போன் பண்ணி வைக்கிறது எனக்குத் தெரியும். பண்ணட்டும். படகை வித்தே அஞ்சு மாசமாச்சு. முட்டி ஒத்துழைக்கலை. இப்ப தார்ப்பாய்க்கு அடியில இருக்கிறது ஒரு ஏணியும் ஆறு பிளாஸ்டிக் நாற்காலியும்."

"அப்ப டிரெய்லர் எதுக்கு?"

"படகு இருந்தவரைக்கும் போன்தான் வரும். மாத்திரை போட்டீங்களா, வச்சிடவா, அவ்வளவுதான். டிரெய்லர் தேடணும்னு சொன்ன நாள்லேர்ந்து ஒரு ஞாயிறு தவறலை. பொழுது முழுக்கப் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே வண்டி ஓட்டுறா. உங்க டிரெய்லரைப் பார்த்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு, அவ்வளவு கச்சிதம்!" பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "பொருந்தாத டிரெய்லர் வேற எங்கயாவது இருக்கா? தூரமா இருந்தா இன்னும் நல்லது."

இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு பட்டறையின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார் பட்டறைக்காரர். பெரியவர் அதைச் சீட்டோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாகக் காருக்கு நடந்தார். அளவு டேப் டிரெய்லர் மேலேயே கிடந்தது.

அதை எடுக்க மகள் திரும்பி வந்தாள். பட்டறைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. டிரெய்லர் தேடினாலும் தேடாட்டியும் ஞாயித்துக்கிழமையில அப்பாவை ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க."

அவள் காரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்ககிட்ட சொல்லிட்டாரா? சும்மா வெளிய போலாம்னு கூப்பிட்டா வர மாட்டார் சார். 'உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், போம்மா'ன்னுடுவார். டிரெய்லர் பார்க்கன்னாதான் ஏழு மணிக்கே சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பார். யாராவது பொருந்தும்னு சொல்லித் தொலைச்சா, பாவம், அதுல எதை ஏத்துவார்? அதுக்குத்தான் முன்கூட்டியே போன்."

"அப்ப... அந்தத் தார்ப்பாய்?"

"போன மாசம் அவர் மத்தியானம் தூங்கறப்போ காத்துல பறந்துடுச்சு. ஏணியை நடுவுல நீட்டிப் போட்டு, ஆறு நாற்காலியையும் நான்தான் திரும்ப அடுக்கி மூடினேன். இப்பதான் சார், பார்க்கக் கொஞ்சம் படகு மாதிரி இருக்கு."