சவுக்கின் கழுத்தில் ஓக்கின் பலகை

மலைத் தோட்டத்து மரங்களின் பூவையும் காயையும் ஆராய்ந்த தாவரவியல்காரர்கள், எது எந்த வகையறா என்று எழுதிப் பலகை மாட்டினார்கள். ஓக், பீச், பிர்ச் மூன்றும் ஒரே வகையறா. அதே வகையறாவின் பெயர் எழுதிய பலகையைச் சவுக்கின் கழுத்திலும் மாட்டிவிட்டுப் போனதும் ஓக்கின் முகம் சுண்டிப்போயிற்று.

“ஊசி இலைக்காரனுக்கு இங்க என்னடா வேலை? பைன் மரத்தோட போய்ச் சேரு.”

சவுக்குக்குச் சுருக்கென்றது. “நல்லாப் பாரு. இது ஊசி இல்ல, கணுக்கணுவான குச்சி. என் இலை அந்தக் கணுவுல பொடிப் பல்லு மாதிரி இருக்கு. நான் பூக்குறேன். பைன் பூக்குமா?”

“இருக்கட்டும். பார்க்கிறவங்க எங்களை என்ன நினைப்பாங்க? பலகையைக் கழட்டிடு.”

“உனக்குக் கூச்சமா இருந்தா உன்னோடதைக் கழட்டிக்கோ.”

காற்று வந்தது. ஓக்கின் காதில் விழட்டும் என்றே சவுக்கு தன் பலகையை டொக்டொக்கென்று ஆட்டியது.