மூன்றாவது ஆள்

பாய்லரில் தீ மூட்டியிருந்தார்கள். பெல்ட் சுற்றியது. ரம்பம் வெறும் காற்றை அறுத்துக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் எல்லாம் போனில் படம் பிடித்தார்கள். வீரமுத்து மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

அரியலூரில் பாழடைந்து கிடந்த அந்த நீராவி மர அறுவை மில்லைச் சரிசெய்து, காட்சிக்கூடமாகத் திறந்து ஒரு மாதம் ஆகிறது. இருபது வயதில் வீரமுத்து வேலை பார்த்த இடம். அதன் பிறகு நாற்பத்தைந்து வருடம் அந்தத் தெருப் பக்கமே அவர் வந்ததில்லை.

"ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாம், வாங்க" என்று விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிவந்தது மனைவி சிந்தாமணிதான்.

சுற்றிக்காட்டும் பெண் சத்யா, அவர் இங்கே வேலை செய்தவர் என்று சிந்தாமணி சொன்னதும் சுவரில் மாட்டியிருந்த போட்டோ முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பன்னிரண்டு தொழிலாளிகள். பதினோரு பேருக்குக் கீழே பெயர் இருந்தது.

"இந்த மூணாவது ஆள் யாருன்னு தெரியுதாங்கய்யா? யாரக் கேட்டாலும் தெரியலங்கிறாங்க."

மீசையில் மரத்தூள் படிந்த ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வீரமுத்து வெகுநேரம் பார்த்தார். "தெரியலயேம்மா" என்றார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

சிந்தாமணி நகரவில்லை.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், அன்று எஞ்சின் நின்றிருந்தது. கழன்ற பெல்ட்டை மாட்ட அந்த இளைஞன் சக்கரங்களுக்கு நடுவே குனிந்திருந்தான். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து நீராவியைத் திறந்துவிட்டது வீரமுத்து.

விபத்து என்றுதான் ஊர் சொன்னது. அவளும் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவர் ஏற்கவில்லை. பேரனுக்கு இறந்தவனின் பெயரை வைக்கலாமா என்று அவள் பேச்சை எடுத்தபோது, சோற்றுத் தட்டை விட்டு எழுந்து போனார்.

"எழுதிக்கம்மா" என்றாள் சத்யாவிடம். "செல்லமுத்து. ஊரு விக்கிரமங்கலம்."

சத்யா அவசரமாக எழுதிக்கொண்டாள். "உங்களுக்கு அவரு என்ன வேணுங்க?"

சிந்தாமணி வாசல் பக்கம் பார்த்தாள். சிமெண்ட் லாரிகள் போகும் ரோட்டோரம், துண்டில் முகம் புதைத்துக் குந்தியிருந்தார் வீரமுத்து. முதுகு குலுங்கியது.

"எங்க வூட்டுக்காரருக்கு அண்ணன்" என்றாள்.

அவளுக்கு முதலில் தாலி கட்டியவர் செல்லமுத்து என்பதை அவள் சொல்லவில்லை.