சுவரோரம் நகர்ந்த டீப்பாய்

கர்ச்சீப்பை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டார்.

தியேட்டரின் கடைசி வரிசை. தூணுக்குப் பின்னால் இருந்த சீட். பாதித் திரைதான் தெரியும். பரவாயில்லை. அவர் படம் பார்க்க வரவில்லை.

மூன்றாவது வரிசையில் மகள் தாரணி உட்கார்ந்திருந்தாள். காலேஜில் பரீட்சை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள். ஸ்கூட்டி காலேஜ் பக்கம் திரும்பாததைப் பார்த்துத்தான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்.

பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள். யாரோ உட்காரப் போனபோது, ஆள் வருது என்று கையைக் காட்டினாள்.

யார் அந்த ஆள்?

ஒரு மாதமாகவே வீட்டில் ஏதோ சரியில்லை. அவர் கடையிலிருந்து சீக்கிரம் வரும் நாளெல்லாம் கூடத்து டீப்பாய் சுவரோரம் நகர்ந்து கிடந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. மகளுக்கு மூச்சு வாங்கியது.

“கூட்டறதுக்கு நகத்துனனுங்க” என்றாள் மனைவி பூங்கொடி.

விளக்கு வைத்த பிறகு யாராவது வீடு கூட்டுவார்களா?

போன புதன்கிழமை, காலேஜ் விழாவில் ஆடட்டுமா என்று மகள் கேட்டாள். மறுத்துவிட்டார். அவள் அழவில்லை. கதவைச் சாத்தவில்லை. சரிங்கப்பா என்று போய்விட்டாள்.

அந்தச் சரிங்கப்பாதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

விளக்குகள் அணைந்தன. இருட்டில் குனிந்தபடி ஓர் உருவம் வந்து பை இருந்த இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு தலைகள் நெருங்கின. ரகசியம் பேசின. சிரித்தன.

அவர் சீட்டின் நுனிக்கு வந்தார்.

திரையில் பழைய படம், புதுப் பளபளப்போடு. நடனப் போட்டிக்காக வீட்டை எதிர்க்கும் பெண்ணின் கதை. தன் காலேஜ் நாளில் அவர் வகுப்பைக் கட் அடித்துவிட்டு இதே தியேட்டரில் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்ணின் அப்பா திரையில் வந்தாலே ஊளையிட்ட கூட்டத்தில் அவர் குரல்தான் பெரிது.

இன்று பார்த்தால் அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவன் வேறு என்ன செய்வான்?

“இந்த வீட்ல ஆட்டம் பாட்டமெல்லாம் நடக்காது” என்றார் திரையில் அப்பா.

தியேட்டரே ஊளையிட்டது.

புதன்கிழமை மகளிடம் அவர் சொன்னதும் இதேதான். ஒரு வார்த்தை மாறவில்லை.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு விசில் பறந்தது. மகள் அடித்த விசில் இல்லை. பக்கத்து ஆளுடையது.

இவனை விடக் கூடாது.

பாட்டு தொடங்கியது. எல்லாரும் காத்திருந்த பாட்டு. கலர் காகிதம் கைப்பிடி கைப்பிடியாகப் பறந்தது. இளசுகள் திரைக்கு முன்னால் ஓடின. மகளும் எழுந்தாள். அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அவரும் எழுந்தார். காகித மழைக்குள் புகுந்து, தோள்களை இடித்துக்கொண்டு, பாதி தூரம் போய்விட்டார்.

திரை வெளிச்சம் அந்த ஆளின் மேல் விழுந்தது.

அரக்குச் சேலை. முந்தானை இடுப்பில் செருகியிருந்தது.

பூங்கொடி.

இன்று வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னவள்.

திரையில் அந்தப் பெண் சுழலும்போது பூங்கொடியும் சுழன்றாள். ஒருமுறைகூடத் திரும்பித் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் குதித்தார்கள், ஒரே நேரத்தில் கை தட்டினார்கள்.

எங்கே கற்றாள்? எப்போது? கல்யாணத்துக்கு முன்பே ஆடுவாளா? யாரோடு?

இத்தனை வருடத்தில் அவர் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பையும் பார்த்ததில்லை. ஊரே பார்க்கிற சிரிப்பு, தன் வீட்டில் மட்டும் இல்லை.

பாட்டு முடியுமுன் வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு, டீப்பாய் முன்னால் உட்கார்ந்தார்.

பூங்கொடி முதலில் வந்தாள். நெற்றியில் புதிதாகத் திருநீறு.

“கோயில்ல கூட்டமா?”

“செமக் கூட்டமுங்க. நிக்க எடமில்ல.”

அவள் பூச்சரத்துக்கு மேலே, முடியில், ஒரு ரோஸ் காகிதத் துணுக்கு.

வசமாக மாட்டிக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தார்.

அவள் கிட்டே வந்தாள். அவர் சட்டைக் காலருக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தாள். பச்சைக் காகிதம். அதை டீப்பாய் மேல் வைத்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் ஸ்கூட்டி நின்றது.

அவர் எழுந்தார். இரண்டு கையாலும் டீப்பாயைத் தள்ளிச் சுவரோரம் சேர்த்தார். ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மகள், டீப்பாயைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள்.

பிறகு அவரை, மேலும் கீழும், சந்தேகமாகப் பார்த்தாள்.