அகஸ்ரின் பெயருக்கு வந்த கடிதம்

ஸ்காபுரோவில் உள்ள நன்னடத்தைக் கண்காணிப்பு அலுவலகத்தின் கண்ணாடிச் சுவர் வழியே காலை வெயில் கதிரைகளில் விழுகிறது. ஜூலியஸ் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறான். கைகலப்பு வழக்கில் நீதிமன்றம் விதித்த இரண்டு வருடக் கண்காணிப்பு நேற்றோடு முடிந்துவிட்டது. ஒரு தவணைக்குக்கூட அவன் பிந்தி வந்ததில்லை. முடித்துவிட்டான் என்று சொல்லும் கடிதம் கிடைத்தால் திங்கட்கிழமை பஸ் கராஜில் வேலை. பக்கத்தில் அப்பா, தேவாலயப் பூசைக்குப் போடும் கோட்டோடு இருக்கிறார்.

"மிஸ்டர் அகஸ்ரின்!"

இருவரும் ஒன்றாக எழும்புகிறார்கள். அது அப்பாவின் பெயர். குடியேறி வந்த இந்த நாட்டுக் கடதாசிகளில் மகனின் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

"என்னைத்தான் அப்பா, நீங்கள் இருங்கோ."

"ரெண்டு வருசமா என்ர பேரையெல்லோ கூப்பிடுறாங்கள். நானும் வாறன்."

அதிகாரி சிரித்தபடி கடிதத்தை நீட்டுகிறாள். ஜூலியஸ் நின்றபடியே வாசிக்கிறான். மிஸ்டர் அகஸ்ரின் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிவிட்டார் என்று அதில் இருக்கிறது; கீழே கையெழுத்து, முத்திரை. அதை அப்பாவிடம் கொடுக்கிறான். அவர் தன் பெயரின் மேல் விரலை மெல்ல ஓட்டிப் பார்க்கிறார். பிறகு நாலாக மடித்து, கோட்டின் உள்பையில் செபமாலைக்குப் பக்கத்தில் வைக்கிறார்.

"அப்பா, அது வேலைக்கு!"

"உனக்கு ஒரு போட்டோக்கொப்பி காணும். ஒரிஜினல் எனக்கு."