நீலா வீட்டில்

கிதாரில் முதல் நாலு சுரம் கேட்டதுமே அரங்கம் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்டது.

அவள் மட்டும் சிரித்தபடி தாளம் போட்டாள்.

மேடையில் சிலுவை மச்சாது. தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறவர். தலை நரைத்துவிட்டது. குரல் அப்படியே இருந்தது.

கல்லூரி நாளில் அவருடைய கேசட்டை வாங்கினாள். சீரோடு சீராக அதுவும் புகுந்த வீட்டுக்குப் போனது. நாடா அறுந்தது, ஒட்டினாள், மறுபடி அறுந்தது. கடைசியில் பாட்டு செல்போனுக்குள் வந்து சேர்ந்தது. காது மட்டும் பழைய காதுதான்.

நீலா வீட்டில் விளக்கெதற்கு.

என்ன சந்தோஷமான வரி. நீலா இருக்கிற வீட்டுக்கு வெளிச்சம் தனியாக எதற்கு என்று ஒருவன் பாடுகிறான். வயிற்றில் பிள்ளை உதைத்தபோதெல்லாம் இதைத்தான் பாடினாள். பிறந்ததும் நீலா என்றே பெயர் வைத்தாள்.

அந்த நீலா யாரென்று மச்சாதுவிடம் ஒருநாள் கேட்டுவிட வேண்டும். நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் இரண்டாம் வரிசையில் டிக்கெட்.

மகள் பக்கத்தில் இருந்தாள். புது வேலை. நாளை மாலை பெங்களூருக்கு ரயில்.

அவர் பாட ஆரம்பித்தார். பின்னால் திரையில் எழுத்துகள் வந்தன.

நீயிலா வீட்டில் விளக்கெதற்கு.

அவள் கை பாதித் தாளத்தில் நின்றது.

நீ இல்லாத வீட்டில்.

இழவு வீட்டில் போய்க் கும்மியடித்த கதைதான். அதுகூடப் போகட்டும். இல்லாத ஒருத்தியின் பெயரை, பெற்ற பெண்ணுக்கு வைத்திருக்கிறாள். பள்ளியில், உறவில், பார்த்தவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருக்கிறாள். மகளும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறாள்.



மகள் திரையைப் பார்த்துவிடக் கூடாதென்று தண்ணீர் கேட்டாள். பையில் துழாவச் சொன்னாள். மகள் பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் காதருகே குனிந்தாள்.

"எட்டாங்கிளாஸ்லயே தெரியும்மா. நீ பாடுறதுதான் நல்லாருக்கு. பாடு."

அந்த வரி மறுபடி வந்தபோது இரண்டு பேரும் பாடினார்கள். அவளுடைய வரியை. சத்தமாகவே.

முன்வரிசை திரும்பி முறைத்தது. மச்சாது கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். விரல் ஒரு தந்தியைத் தவறவிட்டது. சிரித்துக்கொண்டே பிடித்துவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவரைச் சுற்றிக் கூட்டம். அவள் போகவில்லை. நீலா யாரென்று இனி எதற்குக் கேட்பது.

வீடு இருட்டாகக் கிடந்தது.

மகள் செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு முன்னால் உள்ளே போனாள். அதே வரியைப் பாடிக்கொண்டு, அம்மாவைப் போலவே தப்பாக.

அவள் கை சுவிட்சுக்குப் போனது.

போடாமலே திரும்பி வந்தது.

அவர் எழுதியபடி நாளைக்குப் பாடிக்கொள்ளலாம்.