கழுவி வைத்த இன்ஜின்

"குடுக்கப்போற வண்டிக்கு எதுக்குங்கம்மா இத்தன பாடு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் கிருபா. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் போட்டிருப்பவள். நூலும் துணியும் எடுக்க அன்னூர் போவதெல்லாம் இந்தக் காரில்தான்.

தெய்வாத்தாள் பானெட்டுக்குள் விட்ட தலையை வெளியே எடுக்கவில்லை. "வர்றவிய நல்லாப் பாத்துட்டுப் போகட்டும் கண்ணு" என்றாள்.

பேட்டரி வயரைக் கழற்றி, தண்ணீர் படக்கூடாத இடங்களுக்கெல்லாம் பாலித்தீன் கவர் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். இன்ஜின் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஷாம்பூ நுரையை அடித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். காய்ந்த வேப்பிலை, அப்பிக் கிடந்த செம்மண், எலி கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நார் என்று வருஷக்கணக்கான குப்பை வெளியே வந்தது.

கார் மகன் மனோஜ்குமார் பேரில் இருந்தது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அவன் முடிவு பண்ணிவிட்டான். "இந்த வயசுல உனக்கெதுக்கும்மா டிரைவிங்? வித்துப்போடலாம். எங்கியாச்சும் போகோணும்னா எனக்கு ஒரு போன் பண்ணு."

புருஷன் போன பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி லைசென்ஸ் எடுத்தவள் தெய்வாத்தாள். ஒரே ஒரு முறை கேட்டில் உரசியதில் முன்கதவில் ஒரு கீறல் விழுந்தது. அதைத்தான் மகன் பெரிய விபத்து மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கார் போய்விட்டால், பஸ் ஏற மெயின் ரோடு வரை வெயிலில் நடக்க வேண்டும். இல்லையென்றால் மகனுக்கு எப்போது ஒழியும் என்று போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்கக்கூட இன்னொருவர் தயவா என்று நினைக்கும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் சண்டை போட்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, நேற்று திடீரென்று, "சரி, ஆளைக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டாள்.

மனோஜ்குமார் வந்து இறங்கியபோது கவரெல்லாம் பிரித்து, வயரை மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் காயவைத்திருந்தாள். ஷோரூமிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்து வந்தது போலப் பளபளத்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

தொழுவத்து மாட்டைக் காட்டிச் சிரித்தான். "அந்தியூர்ச் சந்தையில குளிப்பாட்டி, எண்ணெ தடவி நிறுத்துன மாட்டத்தான் ஊரே பாத்துட்டு நின்னுது. நீ சாணி அப்பிக் கெடந்த இதப் புடிச்சுட்டு வந்தவ. இப்பவாச்சும் சுத்தத்தோட அருமை தெரிஞ்சுதே."

"அது நல்லாப் பால் கறக்குதில்ல?" என்றாள் தெய்வாத்தாள்.

கொஞ்ச நேரத்தில் சென்னியப்பன் வந்தார். பழைய கார் வாங்கி விற்கிறவர். டயரை உதைத்துப் பார்த்தார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார். முன்கதவுக் கீறலைப் பார்த்து மனோஜ்குமார் நெளிந்தான்.

"இது கெடக்கட்டுமுங்க. ஒரு கதவுக்கு மட்டும் புதுப் பெயிண்டு அடிச்சிருந்தாத்தான் எங்களுக்குப் பயம். எங்கியோ பலமா அடி வாங்குன வண்டியாட்ட இருக்குமுங்க" என்றவர், சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குனிந்து இன்ஜின் அடியில் விரலை விட்டுத் தடவி முகர்ந்து பார்த்தார். "எப்பக் கழுவுனீங்க?"

"இன்னைக்குக் காத்தாலதானுங்க."

"ஆயில் ஏதாச்சும் ஒழுகுதுங்களா?"

"ஒரு சொட்டு ஒழுகாதுங்க. சாமி சத்தியமா ஒழுகாதுங்க. ஒழுகறதுன்னா தடம் தெரியுமில்லீங்களா, நல்லாப் பாருங்க" என்றாள் தெய்வாத்தாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார், பானெட்டை மெதுவாகச் சாத்தினார். மனோஜ்குமாரைக் கேட் வரை கூட்டிப்போய் ஏதோ சொல்லிவிட்டு, "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று கிளம்பிப் போய்விட்டார்.

மகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தான். "உன்னைய ஆரும்மா இதக் கழுவச் சொன்னது? ஒழுகற இஞ்சினத்தான் ஆளுக கழுவி மறைப்பாங்களாம். அழுக்கோட இருந்திருந்தா இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருப்பேன்னு சொல்றாரு."

"அப்படியா கண்ணு" என்று தெய்வாத்தாள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம திருப்பூர்ல இருந்து வேற பார்ட்டி வருது. அதுவரைக்கும் இஞ்சின் பக்கமே நீ போகப்படாது."

"சரி, இஞ்சினத் தொடமாட்டேன். நீ சாப்புட்டுப் போ."

சாப்பிட்டுவிட்டு அவன் கிளம்பியதும் கிருபா வேலியோரம் வந்தாள். கார் வாசலிலேயே நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "ஏனுங்கம்மா, வண்டி போகலீங்களா?"

தெய்வாத்தாள் முன்கதவுக் கீறலை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறு கண்ணு, அன்னூர் போயி இந்த ஒரு கதவுக்கு மட்டும் புதுப் பெயிண்டு அடிச்சுட்டு வந்தரலாம்."