கண்ணைப் பறிக்கிற கலர்

கதவைத் தள்ளியதுமே பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாலில் ஒரு சுவர் பளீர் மஞ்சள். எதிர்ச் சுவர் ரத்தச் சிவப்பு. சமையலறை வாசலைச் சுற்றிக் கருநீலத்தில் அகலமாக ஒரு பட்டை. புத்தி பேதலித்தவன்கூட வீட்டுக்கு இப்படி அடிக்க மாட்டான்.

“எதிர்வீட்டம்மாவா?” என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்தாள் தங்கை.

“நான்டி” என்றாள் பெரியவள்.

தங்கையின் முகம் ஒரு நொடி வாடி, அப்புறம்தான் சிரித்தது. வேலை வெட்டியைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்த அக்காவைவிட எதிர்வீட்டுக்காரி ஒசத்தியா என்று பெரியவளுக்குச் சுருக்கென்றது.

தங்கைக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது என்று கேள்விப்பட்டுத்தான் அவள் ஓடி வந்ததே. வந்து பார்த்தால், தங்கை புருஷன் ஸ்டூல் மேல் நின்று உள் ரூம் சுவருக்கு ரோலர் போட்டுக்கொண்டிருக்கிறார். கிளிப்பச்சை. புருவத்தில் பெயிண்ட், பனியனில் பெயிண்ட், தரையில் விரித்த பேப்பரெல்லாம் பெயிண்ட்.

பெரியவள் வாய் சும்மா இருக்கிற வாயா? பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். பெண்டாட்டிக்குக் கண் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டுக்கு என்ன சிங்காரம் வேண்டிக் கிடக்கிறது? டாக்டரைத் தேடி அலைய வேண்டியவர் பெயிண்ட் கடைக்கு அலையலாமா? அதிலும் கஞ்சத்தனம், ஒரு பெயிண்டரை வைக்க மனசு வரவில்லை. ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை அவள். “விடுக்கா” என்று தங்கை கெஞ்சியதும் காதில் ஏறவில்லை.

மனிதர் ஓரம் வரைக்கும் அடித்து முடித்துவிட்டு இறங்கினார். பெரியவளைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் போனார்.

“எல்லா டாக்டரும் கையை விரிச்சாச்சுக்கா. மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. கலரை அடர்த்தியா அடிச்சா, இருக்கிற பார்வைக்குக் கொஞ்ச நாளாவது சுவரும் வாசலும் அடையாளம் தெரியும்னு கடைசியா பார்த்தவர் சொன்னார்.”

முதலில் பெயிண்டரைத்தான் வைத்தாராம். தங்கையை எதிரில் உட்கார வைத்து, தெரியுதா தெரியுதா என்று கேட்டு, தெரியவில்லை என்றால் இன்னும் கலரைக் கூட்டு, திரும்ப அடி என்றால் எந்தப் பெயிண்டர் பொறுத்துக்கொள்வான்? என் பேர் கெட்டுவிடும் என்று பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அப்புறம்தான் இவரே இறங்கியது. அந்த மஞ்சள் சுவரில் மேலே மேலே அடித்து, அப்போதும் அவள் இல்லை இல்லை என்று தலையாட்ட, ரோலரைப் போட்டுவிட்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டு, மஞ்சள்தானே, இப்போது தெரிகிறது என்றாளாம்.

“அன்னிக்குத்தான்க்கா எனக்கு சாப்பாடு தொண்டையில இறங்குச்சு” என்றார்.

பெரியவளுக்குத் தான் பேசியதையெல்லாம் வாரி வாயில் போட்டுக்கொள்ள முடிந்தால் தேவலை என்றிருந்தது.

ஹாலுக்கு வந்ததும், அக்கா பார்க்கட்டும் என்று தங்கையை மஞ்சள் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். மஞ்சள் என்றாள். இந்தப் பக்கம் திருப்பினார். சிவப்பு என்றாள். வாசல் பட்டையையும் தப்பில்லாமல் சொன்னாள். பெயிண்ட் அப்பிய அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“கலர் தெரியுதுன்னா இன்னும் பார்வை மிச்சம் இருக்குன்னுதானேக்கா அர்த்தம்? ரோலரைக் கழுவிட்டு வந்து உள் ரூம் சுவரைக் கேக்கறேன். என்ன கலர்னு நீங்க சொல்லிடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

பெரியவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்துபோனாள். இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டேன் என்று விசும்பினாள்.

தங்கை காதைக் குழாய்ப் பக்கமே வைத்திருந்தாள். கையால் தடவி அக்காவின் தோளைக் கண்டுபிடித்து, கிட்ட இழுத்தாள்.

“அழறதை அப்புறம் வெச்சுக்கலாம்க்கா” என்றாள் ரகசியமாக. “தினம் எதிர்வீட்டம்மாதான் வந்து சொல்லிட்டுப் போவாங்க, இன்னிக்கு அவங்களைக் காணோம். அவர் குழாயை மூடறதுக்குள்ள சீக்கிரம் சொல்லு. உள் ரூமுக்கு என்ன கலர் அடிச்சிருக்கார்?”